கணிப்பொறியும் மீளாத் தோல்வியும்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், முன்னாளில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சார்ந்திருந்ததும் இந்நாளில் தென்காசி மாவட்டத்தில் அடங்கியதுமான இராயகிரி யான் பிறந்து வளர்ந்த ஊராகும். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, எம் அன்னையாருக்குத் துணையாக அவ்வட்டாரத்து நியாயவிலைக் கடை ஒன்றின் வரிசையில் நின்றிருந்தேன். எமக்கு முன்னே ஒரு மூதாட்டியார் நின்றார். இளம்பருவம் தொட்டே பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். கைரேகை பதியும் கருவியில் அவர் விரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. மீண்டும் வைத்தார், ஏற்கவில்லை. பத்து விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டன. "கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்க பாட்டி" என்றார் விற்பனையாளர். அதற்கு அம்மூதாட்டியார், "எத்தன தடவ தொடச்சாலும் தேஞ்சது திரும்பி வருமாய்யா?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அங்கே யாரும் விடை கூறவில்லை. "நாளைக்கு வந்து பாருங்க" என்ற சொல்லோடு அவர் வெறும் பையுடன் திரும்பினார். அவர் வந்ததும், கருவி மறுத்ததும், அரிசி பெறாது சென்றதும் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது.

கணிப்பொறி இயல் பயிலும் மாணவர் ஒருவரிடம் பின்னர் ஒருநாள் இந்நிகழ்ச்சியைக் கூறினேன். "ஐயா, எங்கள் பாடத்திலேயே இதற்கு ஒரு பகுதி இருக்கிறது. திரும்பச் செய்தால் தீரும் தோல்வி வேறு, எத்தனை முறை செய்தாலும் தீராத தோல்வி வேறு" என்றார் அவர். தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொல் வியப்பளித்தது. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. பல கணிப்பொறிகள் ஒன்றுகூடிப் பணியாற்றும் அமைப்புகளில் மீளாத் தோல்வி எவ்வாறு கையாளப்படுகிறது என்பதையும், அது நம் வாழ்வைத் தொடும் இடங்களையும் இங்கு நோக்குவோம்.

பகிர்ந்து செய்தல்

நம் கல்லூரி ஆசிரியர் பலரும் அறிந்த ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். பல்கலைக்கழகத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாம் நடைபெறுகிறது. பல்லாயிரம் விடைத்தாள்களை ஒருவரே திருத்துவது இயலாது. ஆகவே தாள்கள் சிறுசிறு கட்டுகளாகப் பிரிக்கப்பட்டுத் தேர்வாளர் பலருக்கும் வழங்கப்படுகின்றன. எக்கட்டு யாரிடம் உள்ளது, எது திருத்தி முடிந்தது, எது முடியவில்லை என்பவற்றை முதன்மைத் தேர்வாளர் ஒரு பட்டியலில் குறித்து வைத்திருப்பார். அனைத்தும் முடிந்தபின் மதிப்பெண்கள் தொகுக்கப்படும்.

பரவல் தரவுச் செயலாக்கம் எனப்படுவதும் இதுவே. கோடிக்கணக்கான பதிவுகளை ஒரே கணிப்பொறியில் ஏற்றாமல், நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பங்கிட்டுக் கொடுப்பதைத் தலைமைப்பொறி என்போம். பெற்றுக்கொண்டு உழைப்பவற்றைப் பணிப்பொறிகள் என்போம். பங்கிட்ட ஒவ்வொரு சிறு கூறும் ஒரு பணி. பணிகள் அனைத்தும் முடிந்தபின் விடைகள் தொகுக்கப்படுகின்றன.

பலர் கூடிச் செய்யும் பணியில் ஓர் இடர்ப்பாடும் உடன்பிறக்கிறது. ஒரு கணிப்பொறி பழுதுறுவது அரிய நிகழ்ச்சி. ஆயின் ஆயிரம் கணிப்பொறிகள் உள்ள கூடத்தில் ஏதேனும் ஒன்று பழுதுறுவது அன்றாட நிகழ்ச்சி. நூறு தேர்வாளர் கூடும் முகாமில் ஒருவருக்கேனும் காய்ச்சல் வருவது இயல்புதானே? எனவே தோல்வியே நேராத அமைப்பைக் கட்ட முயல்வதைக் காட்டிலும், தோல்வி நேரும் என்பதை ஏற்றுக்கொண்டு அதற்கு வழிவகை செய்வதே அறிவுடைமை எனக் கணிப்பொறியாளர் கண்டனர்.

மீளும் தோல்வி

இத்துறையில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுவது 2004ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரை. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டீன், இந்திய வம்சாவழியினரான சஞ்சய் கேமாவத் ஆகிய இருவரும் எழுதியது அது. மேப்ரெட்யூஸ் என்னும் செயல்முறையை அவர்கள் அதில் விளக்கினர். அம்முறையில் தலைமைப்பொறி ஒவ்வொரு பணிப்பொறியையும் குறித்த இடைவெளிகளில் நலம் உசாவிக்கொண்டே இருக்கும். விடை வராவிடின் அப்பணிப்பொறி மாண்டதாகக் கொண்டு, அதனிடம் இருந்த பணியை வேறொன்றிடம் ஒப்படைக்கும். காய்ச்சலுற்ற தேர்வாளரின் கட்டை மற்றொருவருக்கு மாற்றுவது போன்றது இது.

இதன் பயனை அவர்கள் தந்துள்ள எண்களே உணர்த்தும். 2004 ஆகஸ்டு மாதத்தில் அந்நிறுவனத்தில் இம்முறையில் 29,423 வேலைகள் நடைபெற்றன. ஒரு வேலைக்குச் சராசரியாக 157 பணிப்பொறிகள் ஈடுபட்டன. அவற்றுள் சராசரியாக 1.2 பொறிகள் இடையிலேயே செயலிழந்தன. அஃதாவது, சராசரியாக ஒரு வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொறி வீழ்ந்தது. அவ்வாறிருந்தும் வேலைகள் நிறைவெய்தின. மற்றொரு சோதனையில் 1,000 கோடிப் பதிவுகளை வரிசைப்படுத்தும் வேலை இயல்பாக 891 விநாடிகளில் முடிந்தது. அதே வேலையின் நடுவே 1,746 பணிச் செயல்களுள் 200ஐ வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தனர். அப்போதும் வேலை 933 விநாடிகளில் முடிந்துவிட்டது. நூற்றுக்குப் பதினொன்று வீழ்ந்தும் காலத்தில் ஏற்பட்ட இழப்பு நூற்றுக்கு ஐந்தே.

இவ்வகைத் தோல்வி மீளும் தோல்வியாகும். குறை பணியாளிடம் இருந்தது, பணியில் இல்லை. ஆளை மாற்றினால், அல்லது சற்றுப் பொறுத்து மீண்டும் செய்தால் அது தீர்ந்துவிடும். மின்தடை, வலையிணைப்பின் தளர்ச்சி, நினைவகப் பற்றாக்குறை போன்றவற்றுள் பெரும்பாலானவை இவ்வகையின.

மீளாத் தோல்வி

இனி, விடைத்தாள் முகாமுக்கே திரும்புவோம். ஒரு கட்டில் உள்ள ஒரு தாள் மழையில் நனைந்து, மை கரைந்து, ஓரெழுத்தும் தெரியாமற் போயிற்று என்று கொள்வோம். முதல் தேர்வாளரால் அதனைத் திருத்த இயலவில்லை. உடனே முதன்மைத் தேர்வாளர் அக்கட்டை இரண்டாமவருக்கு மாற்றுகிறார்; அவராலும் இயலவில்லை. மூன்றாமவர், நான்காமவர் என ஊரில் உள்ள தேர்வாளர் அனைவருக்கும் மாற்றினாலும் கரைந்த மை திரும்பாது. அதற்குள் அக்கட்டில் உள்ள ஏனைய நல்ல தாள்களும் திருத்தப்படாமல் முடங்கிக் கிடக்கும். தேர்வு முடிவும் வெளிவராது. ஒரு தாளின் பழுது ஆயிரம் மாணவரின் முடிவைத் தடுத்து நிறுத்திவிடும்.

கணிப்பொறியில் இதற்கு இணையானது பழுதுற்ற பதிவு. அகவை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கலாம். பாதியில் அறுந்த கோப்பாக இருக்கலாம். செயல்நிரலை எழுதியவர் எதிர்பாராத ஒரு வடிவமாக இருக்கலாம். அப்பதிவைத் தொட்டவுடன் செயல்நிரல் வீழ்கிறது. தலைமைப்பொறியோ பணிப்பொறிதான் பழுது என எண்ணி அதே பணியை வேறொன்றிடம் தருகிறது. அதுவும் வீழ்கிறது. மீளும் தோல்விக்கு மருந்தாக இருந்த மறுமுயற்சியே ஈண்டு நோயாகிவிடுகிறது.

இதற்குக் கணிப்பொறியாளர் கண்ட வழிகள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, முயற்சிக்கு ஒரு வரம்பு கட்டுதல். 2006ஆம் ஆண்டில் தோன்றி உலகெங்கும் பரவிய ஹடூப் என்னும் அமைப்பில், வேறு எண் எதுவும் குறிக்கப்படாவிடின், ஒரு பணிக்கு நான்கு வாய்ப்புகளே உண்டு. பின்னர் வந்த ஸ்பார்க் அமைப்பும் அதே நான்கையே இயல்பான வரம்பாகக் கொண்டது. நான்காம் முறையும் வீழ்ந்தால் குறை ஆளிடம் இல்லை, பணியிலேயே உள்ளது எனக் கொள்ளப்படும்.

இரண்டாவது, குறையை நுணுகிக் காணுதல். மேப்ரெட்யூஸ் முறையில் ஒரு பணிப்பொறி, தான் எந்தப் பதிவைக் கையாண்டுகொண்டிருக்கிறது என்பதன் வரிசை எண்ணை நினைவில் வைத்திருக்கும். வீழும் தறுவாயில் அவ்வெண்ணைத் தலைமைப்பொறிக்கு ஒரு சிறு குறிப்பாக அனுப்பிவிட்டே வீழும். அதனை இறுதி மூச்சு என்னும் பொருள்படவே ஆசிரியர்கள் சுட்டினர். ஒரே பதிவைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட இறுதி மூச்சுகள் வந்தால், அடுத்து அப்பணியைப் பெறும் பொறியிடம் "இதனை மட்டும் விடுத்து ஏனையவற்றைச் செய்க" எனத் தலைமைப்பொறி கூறும். கட்டு முழுவதையும் ஒதுக்காமல் நனைந்த தாளை மட்டும் தனியே எடுத்து வைக்கும் நுட்பம் இது.

மூன்றாவது, எவ்வளவு இழப்பைப் பொறுக்கலாம் என்பதை முன்னரே வரையறுத்தல். ஹடூப்பில் இத்தனை விழுக்காட்டுப் பணிகள் தோற்றாலும் வேலையை நிறைவேற்றலாம் என்று குறிக்க இடமுண்டு. குறிக்காவிடின் அவ்வெண் சுழியே. ஒரு பணி முற்றிலும் தோற்றாலும் வேலை முழுவதும் தோற்றதாகவே அறிவிக்கப்படும். இவ்விரண்டில் எது சரி என்பதைப் பொறி முடிவு செய்யாது. மனிதரே முடிவு செய்ய வேண்டும். ஒரு மொழியின் சொற்கள் எவ்வளவு அடிக்கடி வழங்குகின்றன எனக் கோடிப் பக்கங்களில் எண்ணும்போது பத்துப் பக்கங்கள் விடுபட்டால் பெருந்தீங்கு இல்லை. ஓய்வூதியம் பெறுவோர் பட்டியலில் பத்துப் பெயர்கள் விடுபட்டால் பத்து வீடுகளில் அடுப்பு எரியாது. எண்ணிக்கை ஒன்றே, பொருள் வேறு.

நிலை அறியாத் தோல்வி

மீளும் தோல்விக்கும் மீளாத் தோல்விக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் உண்டு. வேலை முடிந்ததா இல்லையா என்பதே தெரியாத நிலை அது. நாம் நாள்தோறும் கைப்பேசியில் காணும் பணப்பரிமாற்றம் இதற்கு ஏற்ற சான்றாகும்.

2016 ஏப்ரலில் அறிமுகமான யூ.பி.ஐ. முறையில் 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. இம்முறையில் ஒரு பரிமாற்றம் என்பது ஒரே இடத்தில் நடப்பதன்று. அனுப்புவோரின் வங்கி, பெறுவோரின் வங்கி, இடையே நிற்கும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் எனப் பல இடங்களில் உள்ள கணிப்பொறிகள் ஒருங்கிணைந்தால்தான் அது நிறைவேறும். அனுப்புவோரின் கணக்கில் பணம் கழிந்தது. பெறுவோரின் வங்கியிலிருந்து விடை வரவில்லை. பணம் போய்ச் சேர்ந்து விடைதான் வழியில் தொலைந்ததா? அன்றிப் பணமே சேரவில்லையா? பொறுமையிழந்து மீண்டும் ஒருமுறை அனுப்பினால், முதற்பணமும் சேர்ந்திருப்பின் இருமுறை செலுத்தியதாகிவிடும்.

இதனால் கணிப்பொறியாளர் ஒரு நெறியை வலியுறுத்துவர். எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்த பயனே விளையுமாறு ஒரு செயலை அமைத்திருந்தால் மட்டுமே அதனை அச்சமின்றித் திரும்பச் செய்யலாம். ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் தனி எண் இடுவது இதற்கு உதவுகிறது. அதே எண்ணுடன் இரண்டாம் வேண்டுகோள் வந்தால், "இது முன்னரே முடிந்தது" என அமைப்பு அடையாளம் காணும். விடைத்தாளில் எண் இல்லாவிடின் ஒரே தாளுக்கு இருவர் மதிப்பெண் இட்டுவிடுவர். எண் இருப்பின் அது நேராது.

இந்நிலைக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு நெறிமுறையை வெளியிட்டது. யூ.பி.ஐ. வழியே தனியொருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்தும் உரியவரைச் சேரவில்லையெனில், மறுநாளுக்குள் அது தானே திரும்ப வேண்டும். தானியங்கிப் பணப்பொறியில் கணக்கில் கழிந்தும் பணம் வெளிவராவிடில் 5 நாள்களுக்குள் திரும்ப வேண்டும். கெடு தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு வழங்க வேண்டும். அவ்விழப்பீட்டை வாடிக்கையாளர் முறையிடும் வரை காத்திராமல் வங்கியே முன்வந்து கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அந்நெறிமுறையின் உயிர்நாடி. முறையிடத் தெரியாத ஏழைக்கும் எளியவருக்கும் அதில் இடமிருக்கிறது. தோல்வியின் சுமையைத் தோல்விக்குக் காரணமாகாதவர் மீது ஏற்றலாகாது என்னும் அறம் அங்கே விதியாக நிற்கிறது. மாணவச் செல்வங்கள் இதனை அறிந்து தம் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும்.

முகவரி காணாக் கடிதம்

மீளாத் தோல்வியுற்ற பதிவைத் தனியே எடுத்து வைத்தாயிற்று. பின்னர் அதனை என்செய்வது? இவ்வினாவுக்கான விடையைக் கணிப்பொறி உலகம் அஞ்சல் துறையிடமிருந்து கற்றது என்பது சுவையான செய்தி.

அஞ்சற்காரர் ஒரு கடிதத்துடன் வருகிறார். வீடு பூட்டியிருக்கிறது, மறுநாள் வருகிறார். இது மீளும் தோல்வி. முகவரியாளர் ஊர் மாறிவிட்டார். புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. இதுவும் மீளும் தோல்வியே. முகவரியே படிக்க இயலாதவாறு அழிந்துள்ளது. அனுப்பியவர் முகவரியும் உறையின்மேல் இல்லை. இது மீளாத் தோல்வி. அத்தகைய கடிதத்தை அஞ்சற்காரர் தம் பையிலேயே நாள்தோறும் சுமந்து திரிவதில்லை. குப்பையில் எறிவதும் இல்லை. அதற்கெனவே ஆங்கிலேயர் காலத்தில் ஓர் அலுவலகம் ஏற்பட்டது. இறந்த கடிதங்களின் அலுவலகம் எனப் பொருள்படும் டெட் லெட்டர் ஆபீஸ் என்பது அதன் பழைய பெயர். பின்னர் ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ் என்றாயிற்று. அங்கே அதிகாரம் பெற்ற அலுவலர் மட்டுமே உறையைப் பிரித்து, உள்ளே அனுப்பியவரின் முகவரி உண்டா எனப் பார்ப்பார். கிடைத்தால் கடிதம் அவருக்கே திரும்பும்.

கணிப்பொறி அமைப்புகளிலும் தீராத செய்திகளை ஒதுக்கி வைக்கும் தனிவரிசைக்கு டெட் லெட்டர் வரிசை என்றே பெயர். முதன்மை வரிசை தடையின்றி ஓடும். தீராதவை இவ்வரிசையில் சேரும். நன்கமைந்த தனிவரிசையில் மூன்று பண்புகள் இருக்கும். பழுதுற்ற செய்தி சிறிதும் மாறாமல் வந்தவாறே வைக்கப்பட்டிருக்கும். ஏன் தோற்றது, எப்போது தோற்றது, எத்தனை முறை முயலப்பட்டது என்னும் குறிப்பு உடனிருக்கும். அவ்வரிசையை நாள்தோறும் திறந்து பார்க்கும் பொறுப்பு ஒரு மனிதருக்கு வழங்கப்பட்டிருக்கும். இவற்றுள் மூன்றாவது இல்லையெனில் முன்னிரண்டும் வீண். யாரும் திறந்து பாராத தனிவரிசை, தூய்மையாக அடுக்கி வைக்கப்பட்ட குப்பைத்தொட்டியே ஆகும். காரணம் கண்டு செயல்நிரலைத் திருத்தியபின் அச்செய்திகளை மீண்டும் முதன்மை வரிசைக்கு அனுப்புவர். மீளாது எனக் கருதியவற்றுள் சில அவ்வாறு மீள்வதும் உண்டு.

ஏட்டில் விட்ட இடம்

இவ்வொழுக்கம் தமிழுக்குப் புதிதன்று. நம் பழந்தமிழ் நூல்கள் ஊர் ஊராக, மடம் மடமாக, வீடு வீடாகச் சிதறிக் கிடந்த ஓலைச்சுவடிகளில் இருந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவற்றைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, 1894இல் புறநானூற்றையும், 1903இல் ஐங்குறுநூற்றையும், 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தார். ஒரு சுவடியில் செல்லரித்த வரியை வேறொரு சுவடி கொண்டு நிரப்புவது, பணிப்பொறியை மாற்றி மீண்டும் முயல்வது போன்றதே. பல வரிகள் அவ்வாறு மீண்டன.

ஆயின் எச்சுவடியிலும் கிடைக்காத பகுதிகளும் இருந்தன. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகியன கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் முழுமையாகவே மறைந்தன. இன்றும் புறநானூற்றைப் புரட்டினால் 266ஆம் பாடலுக்குப் பின் 269ஆம் பாடல் வரும். பதிற்றுப்பத்தில் நமக்குக் கிடைக்கும் முதற்பாட்டின் எண் 11. இடையில் ஓரிரு வரிகள் சிதைந்த பாடல்களில் அவ்விடங்கள் புள்ளிகளால் குறிக்கப்பட்டுள்ளன.

இதன் அருமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லாத பாடல்களை நீக்கி எண்களை நெருக்கி அமைத்திருந்தால் நூல் குறைவற்றது போலத் தோன்றியிருக்கும். விட்ட இடத்தில் தாமே இயற்றிய வரிகளைச் செருகியிருந்தாலும் பலருக்குத் தெரிந்திராது. ஆனால் அவ்வாறு செய்திருப்பின் இழந்தோம் என்னும் அறிவையே நாம் இழந்திருப்போம். தேடுவதற்கு வேண்டிய தூண்டுதலும் இருந்திராது. வெற்றெண் ஒன்று, "இங்கே ஒரு பாடல் இருந்தது" என்று நூறாண்டுக்கும் மேலாகச் சான்று பகர்ந்து நிற்கிறது. தோல்வியை மறைக்காமல், அதற்குரிய இடத்தை விட்டு வைத்துப் பதிவு செய்தல் என்று கணிப்பொறியாளர் கூறும் நெறி இதுவே அன்றோ!

தேய்ந்த விரல்

இனி, தொடக்கத்தில் கண்ட மூதாட்டியாரிடம் திரும்புவோம். உலகின் மிகப்பெரிய பரவல் தரவுச் செயலாக்கங்களுள் ஒன்று நம் நாட்டின் ஆதார் அமைப்பாகும். முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மராட்டிய மாநிலம் நந்தூர்பார் மாவட்டத்துத் தெம்பிலி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் அவ்வெண்ணிக்கை 100 கோடியைத் தொட்டது. புதிதாக ஒருவர் பதியும்போது அவருடைய கைரேகையும் கருவிழிப் படிவமும் முன்னர்ப் பதிந்த அனைவருடைய பதிவுகளோடும் ஒப்பிடப்படும். இப்பெருவேலையைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்தே செய்கின்றன. முன்னர்க் கண்ட ஹடூப்பும் அவ்வமைப்பில் பயன்பட்டது.

இத்துணைப் பெரிய மக்கள்தொகையில் விரல் இல்லாதோர், ரேகை தேய்ந்தோர், பார்வை இழந்தோர் பலர் இருப்பர். அவர்களுக்கு "மீண்டும் முயல்க" என்பது விடையாகாது. எனவே கைரேகை இயலாதோர் கருவிழி கொண்டும், கருவிழி இயலாதோர் கைரேகை கொண்டும், இரண்டும் இயலாதோர் அக்குறையைக் குறித்து ஒளிப்படத்துடனும் பதிவு பெற விதிவிலக்கு முறை வகுக்கப்பட்டது. இவ்வகையில் ஏறத்தாழ 29 லட்சம் பேருக்கு ஆதார் எண் வழங்கப்பட்டிருப்பதாக 2023 டிசம்பரில் நடுவண் அரசு தெரிவித்தது. நூறு கோடிக்கும் மேற்பட்டோர் நடுவே 29 லட்சம் என்பது சிறு விழுக்காடு. விழுக்காட்டை மட்டும் நோக்குவோர்க்கு அது பொறுக்கத்தக்க இழப்பு. அந்த 29 லட்சத்துள் ஒருவராக நிற்பவர்க்கோ அது முழு இழப்பு.

பதிவுக்கு விதிவிலக்கு இருந்தால் போதாது. பண்டம் பெறுமிடத்திலும் அது வேண்டும். தனித்துவ அடையாள ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்று விடுத்த சுற்றறிக்கை இதைப் பற்றியதே. கைரேகை ஒப்பாவிடினும் உரியவருக்குப் பண்டம் மறுக்கப்படலாகாது. கருவிழி, கைப்பேசிக்கு வரும் கடவெண் ஆகிய மாற்று வழிகளைக் கையாள வேண்டும். அவையும் இயலாவிடின் விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதி வழங்க வேண்டும் என அது அறிவுறுத்தியது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், கைரேகை ஒப்பாமையால் உரியவர் எவரும் பயனை இழக்கலாகாது என்பதை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் முதியோரும் நோயுற்றோரும் தமக்கு மாற்றாக ஒருவரைப் பெயர் குறித்துப் பண்டம் பெறப் படிவமும் உண்டு.

ஆகவே வழி இல்லாமல் இல்லை. முயற்சிக்கு வரம்பு, மாற்று வழி, தனிப் பதிவேடு, அதனைப் பார்க்கும் அலுவலர் என முன்னர்க் கண்ட அனைத்தும் தாளில் உள்ளன. அன்று அக்கடையின் முன் குறைவாக இருந்தது கருவியின் அறிவு அன்று. மீளாத் தோல்வி ஒன்று தம் முன் நிற்கிறது என்பதை இனங்காணும் கண்ணும், அதனை ஏட்டில் எழுதும் கையுமே அங்குக் குறைவாக இருந்தன. "நாளைக்கு வாருங்கள்" என்பது மீளும் தோல்விக்குரிய மருந்து. அது தேய்ந்த விரலுக்குத் தரப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். நம்பத்தக்க அமைப்பு என்பது தோல்வியே காணாத அமைப்பன்று. எது மீளும், எது மீளாது எனப் பகுத்தறிவது. மீளாததை வரம்பின்றித் திரும்பத் திரும்பச் செய்து ஆற்றலை வீணாக்காதது. அதன் பொருட்டு ஏனைய பணிகளை முடக்காதது. அதனை மறைக்காமலும் அழிக்காமலும் காரணத்தோடு பதிவு செய்வது. இறுதியில் பொறுப்புள்ள ஒரு மனிதர் கையில் அதனைச் சேர்ப்பது. இவ்வியல்புகள் உடையதே நம்பத்தக்க அமைப்பு.

நம் கல்லூரியில் கணிப்பொறி இயல் பயின்று வெளியேறும் மாணவர் பலர் இத்தகைய அமைப்புகளை உருவாக்கும் பணியில் அமரப்போகின்றனர். அவர்களிடம் ஒரு தமிழாசிரியன் வேண்டுவது ஒன்றுண்டு. உங்கள் செயல்நிரலில் "பிழை" என ஒதுக்கும் ஒவ்வொரு பதிவின் பின்னும் ஒரு பெயர் இருக்கக்கூடும். அதனை ஒதுக்குங்கள், தொலைத்துவிடாதீர்கள். இலக்கியம் பயிலும் மாணவர்களும் ஊர்ப் பெரியோரும் செய்யத்தக்கதும் உண்டு. நம் தெருவில் ரேகை தேய்ந்த முதியவர் இருப்பின் அவருக்காக மாற்றுநபர் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும், விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேட்பதும் பெரும்பணி அல்ல, அரைநாள் வேலை.

அம்மூதாட்டியாருக்கும் அதுவே நிகழ்ந்தது. அடுத்த வீட்டு இளைஞர் ஒருவர் படிவத்தை நிரப்பி, அலுவலகம் சென்று, தம் பெயரை மாற்றுநபராகப் பதிந்து வந்தார். அதன்பின் அரிசி தடையின்றிக் கிடைத்தது. அடுத்த விடுமுறையில் அவரைக் கண்டபோது நலம் உசாவினேன். தம் கைகளை விரித்துக் காட்டிச் சிரித்தார். தேய்ந்தது திரும்பவில்லை, திரும்ப வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.